கப்பலம்மாவுக்கு மஞ்சள் பூசிய நாள்

கோட்டையை விட்டு வெளியே வந்து கடல் மணலில் நடந்துகொண்டிருந்தோம். ஏனாத்தூர்க்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பந்தயத்தில் ஜெயித்தவர் மாதிரி முன்னால் போனார். அவருக்குப் பின்னால் அப்பா, அப்பாவுக்குப் பின்னால் அத்தை, கடைசியில் நான். சதுரங்கப்பட்டினத்துக் கோட்டைக்குள் டச்சுக்காரர்களின் கல்லறைகளைப் பார்த்து முடித்துவிட்டோம். கேடயமும் மண்டையோடும் செதுக்கிய பெரிய பெரிய கற்கள். எல்லாரும் துரைகள், துரைசானிகள். நாங்கள் தேடி வந்தவள் மட்டும் அங்கே இல்லை.

“கதை நல்லாத்தான் இருந்துச்சு. கல்லுதான் இல்ல” என்றார் ஏனாத்தூர்க்காரர், திரும்பிப் பார்க்காமலே.

அவர் அத்தைக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் தாய்மாமன். அத்தைக்குப் பூனைக்கண். பச்சையும் சாம்பலும் கலந்த நிறம். எங்கள் வீட்டில் தலைமுறைக்கு ஒருவருக்கு அப்படி வரும். காஞ்சிபுரத்தில் எங்கள் தெருக்காரர்கள் அதைப் பற்றி எங்களிடம் கேட்டதே இல்லை. தங்களுக்குள்ளேயே பேசி முடித்துக்கொண்டார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி ஏதோ துரை பங்களாவுக்கு வேலைக்குப் போனாளாம். அதற்கு மேல் யாரும் சொல்ல மாட்டார்கள், சிரிப்பார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியை நன்றாகச் சாப்பிட்டார்கள். அத்தை தலை நிமிர்ந்ததும் எழுந்து போனார்கள்.

அப்பா சொன்ன கதை வேறு. அந்தக் கண் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த ஒரு டச்சுக்காரியுடையது. அவள் தகப்பன் துணி வாங்கிக் கப்பலில் ஏற்றுகிறவன். குடும்பமே கடலில் குடியிருந்த மாதிரிதான். ஒரு பிள்ளை ஜாவாத் தீவில் படேவியாவில் பிறந்தது, ஒன்று கொழும்பில், இவள் நாகப்பட்டினத்தில். சதுரங்கப்பட்டினத்துக் கோட்டை இங்கிலீஷ்காரன் கைக்குப் போனபோது அண்ணன்மார் எல்லாம் கப்பல் ஏறிவிட்டார்கள். இவள் மட்டும் ஏறவில்லை. கோட்டைக்குத் துணி கொண்டுவந்த நெசவுக்காரரைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டாள். அவள் செத்த பிறகுதான் அவர் பிள்ளைகளோடு காஞ்சிபுரம் திரும்பினாராம். பிற்பாடு நான் லாரியிலும் கல்குவாரியிலும் துறைமுகத்திலும் ஊர் ஊராகப் பிழைத்தபோது, இந்தப் புத்தி யாரிடமிருந்து வந்தது என்று அப்பாவுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

இந்தக் கதையைக் கேட்ட ஏனாத்தூர்க்காரர், “அப்போ அந்தம்மா கல்லைக் காட்டுங்க, தட்டு மாத்திக்கலாம்” என்று சொல்லிவிட்டார். அதனால்தான் இந்தப் பயணம். திருக்கழுக்குன்றத்தில் பஸ் படுத்துவிட்டது. அங்கிருந்து நடந்து வந்தோம். எனக்குச் செருப்பு கிடையாது. சித்திரை மாதம்.

மணலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு மீனவப் பெண் அத்தையின் முகத்தையே பார்த்தாள்.

“இன்னாம்மா, எங்க கப்பலம்மா கண்ணு உனக்கு எப்டி வந்துச்சு?”

அப்பா நின்றுவிட்டார். கப்பலம்மா யார் என்று கேட்டார். கப்பல் போனபோது போகாமல் நின்றவளாம். கடலுக்குப் போகிறவர்கள் திரும்பி வர வேண்டுமென்று பெண்கள் அவளுக்கு விளக்கு வைப்பார்களாம். பூனைக்கண் சாமி என்று அந்த மீனவப் பெண்ணின் மாமியார் சொல்லுவாளாம்.

சவுக்குத் தோப்புக்குள் கூட்டிப்போனாள். கடலைப் பார்த்தபடி இடுப்புயரக் கல் ஒன்று நின்றது. எத்தனையோ வருஷத்து எண்ணெயும் புகையும் ஏறி அண்டாவின் அடிப்பக்கம் போலக் கறுத்திருந்தது. அதில் எழுத்தும் தெரியவில்லை, உருவமும் தெரியவில்லை.

ஏனாத்தூர்க்காரர் சிரித்தார். “ஏம்பா, இது இன்னா உங்க பாட்டியா, அடுப்புக் கல்லா?”

அத்தை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீரும் புளியும் கேட்டாள்.

“எண்ணெயைக் கழுவக் கூடாதும்மா, ஆத்தா கோச்சுக்கும்” என்றாள் மீனவப் பெண்.

“மஞ்சத் தண்ணி ஊத்தப்போறேன். எந்தப் பொம்பளையாவது அதுக்குக் கோச்சுக்குவாளா?”

அத்தை தேய்த்தாள். நான் தண்ணீர் சுமந்தேன். வெண்கலப் பாத்திரம் விளக்குவது போல ஒரு மூச்சு விடாமல் தேய்த்தாள். கல் வெளுத்ததே தவிர ஒன்றும் தெரியவில்லை, உப்புக்காற்று மழுக்கியிருந்தது. அப்பா உட்கார்ந்துவிட்டார். அத்தை மூட்டையைப் பிரித்து, கோயிலுக்கென்று கொண்டுவந்திருந்த மஞ்சளைக் குழைத்து, அம்மனுக்குப் பூசுவது போலக் கல் முழுக்க அப்பினாள். பிறகு முகம் துலங்கட்டும் என்று முந்தானையால் ஒரு முறை வழித்துத் துடைத்தாள்.

மேலே இருந்த மஞ்சள் போய்விட்டது. பள்ளத்தில் இருந்தது நின்றது.

முதலில் மூன்று பாய்மரத்தோடு ஒரு கப்பல் வந்தது. அதன் கீழே எங்களுக்குப் புரியாத எழுத்து நாலு வரி. அதற்கும் கீழே தமிழ், அந்தக் காலத்து வழக்கப்படி மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காத தமிழ். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆறாம் வகுப்பு வரை போய் நின்றுவிட்ட நான் மண்டியிட்டு எழுத்துக் கூட்டினேன். காஞ்சிபுரம் என்று வந்தது. அடுத்து வந்தது என் பெயர். எங்கள் வீட்டில் பேரனுக்குத் தாத்தா பெயர்தான். இரண்டே பெயர்கள் மாறி மாறி வரும். கடைசியில் ‘பெண்சாதி’ என்று இருந்தது.

ஏனாத்தூர்க்காரர் குனிந்து தானும் ஒரு தடவை படித்தார். “பேரு ஊருல ஆயிரம் பேருக்கு இருக்குது” என்றார். குரல் இறங்கியிருந்தது.

அப்பா எழுந்து வந்து கல்லின் அடியில் விரலை வைத்தார். அங்கே மஞ்சள் நிறத்தில் ஒரு நாடா, தறியில் இழை ஓட்டுகிற நாடா, மூக்கு கூராக, நடுவில் நூல் சுற்றிய குழலோடு அப்படியே செதுக்கியிருந்தது.

“யோவ், துரை கல்லறையில நாடாவை எவன்யா செதுக்குவான்? நெய்யறவன் பொண்டாட்டிக்குத்தான்யா செதுக்குவான்!”

அப்பா அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. மீனவப் பெண் குலவை இட்டாள். கருவாட்டுக் களத்திலிருந்த பெண்களெல்லாம் ஓடி வந்து அத்தையின் முகவாயைப் பிடித்துக் கண்ணைப் பார்த்தார்கள். அத்தை இந்தத் தடவை தலை குனியவில்லை. ஏனாத்தூர்க்காரர் தானே தேங்காய் உடைத்தார். கற்பூரம் ஏற்றி விழுந்து கும்பிட்டுவிட்டு, “இனிமே பேச்சே இல்ல. வர்ற முகூர்த்தத்துலயே வெச்சிக்கலாம்” என்றார்.

“நாள் பாக்க வேணாம்” என்றாள் அத்தை.

“இன்னாம்மா சொல்ற?”

“என் கண்ணுக்கு இன்னிக்கு சாட்சி கேட்டீங்க, வந்து காட்டிட்டேன். நாளைக்கு வேற ஒண்ணுக்குக் கேப்பீங்க. ஒவ்வொண்ணுக்கும் என்னால சதுரங்கப்பட்டினம் நடக்க முடியாதுங்க.”

எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு தூரம் நடந்து, கல்லைக் கண்டுபிடித்து, கல்யாணம் கூடி வந்த நேரத்தில் அத்தை எல்லாவற்றையும் கெடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். அப்பா அடிப்பார் என்றும் எதிர்பார்த்தேன். அவரோ செங்கல்பட்டில் பஸ் மாறும்போது இறங்கிப் போய் இரண்டு முழம் மல்லிகைப்பூ வாங்கிவந்து அத்தையின் மடியில் வைத்தார். கல்யாணம் நின்றுபோன வீட்டில் பூ எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. அத்தை அதைச் சூடிக்கொண்டு சிரித்ததும் விளங்கவில்லை.

அத்தைக்கு நன்றாக நெய்ய வரும். வேறு வீட்டுக்குப் போகிறவளுக்கு எதற்கென்று யாரும் அவளுக்குத் தனியாகத் தறி கொடுத்ததில்லை. மறுநாள் காலை, பெரிய காஞ்சிபுரத்தில் கூலிக்குத் தறி விடுகிற ஒருவரிடம் போய், தனக்கு ஒரு தறி வேண்டுமென்று கேட்டு வாங்கிவிட்டாள். கோர்வைச் சேலை, உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். நெய்கிறவள் ஒருத்தி போதாது, வலப்பக்கக் கரைக்கு நாடா தள்ள இன்னொரு ஆள் உட்கார வேண்டும். அந்த வேலையில் நான் சேர்ந்தேன்.