காவடி இறங்கிய காரணம்

குற்றச்சாட்டு: 2025 ஏப்ரல் 11, பங்குனி உத்திரத்தன்று காலை 9.40 மணிக்கு, பாடாங் செராய் அருகிலுள்ள தோட்டத்து முருகன் கோயில் வாசலில் புவனேசனாகிய நான் காவடியோடு மயங்கி விழுந்தேன். நான் விரத நாளில் என் மனைவியோடு கூடியதே காரணம் என்று கோயில் செயலாளர் இருளப்பன் ஒலிபெருக்கியில் அறிவித்தார். ஏப்ரல் 20ஆம் தேதிக் கூட்டக் குறிப்பிலும் அப்படியே பதிந்தார். யாரையும் விசாரிக்கவில்லை.

கோயில் நிர்வாகத்துக்கான கடிதத்தில் இதுவரை புவனேசனே தட்டச்சு செய்துவிட்டார். தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு படிப்பை விட்டவர். கடிதம் எழுதும் முறையை நாளிதழ்களைப் பார்த்துத் தாமே கற்றவர். தாம் வேலை செய்யும் குருண் ஊர்த் தொழிற்சாலைச் சம்பளச் சீட்டு முதல் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை வரை எதையும் எறிந்ததில்லை.

முதல் இணைப்பான மருத்துவமனைச் சீட்டு எளிது. ஐந்து ஆண்டுகளாக அவருக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய். நாற்பத்தெட்டு நாள் விரதத்தில் ஒருவேளை மட்டும் உண்டவர், மாத்திரையை மட்டும் வழக்கம்போல் காலையிலும் மாலையிலும் விழுங்கினார். மருந்தை விட்டால்தான் ஆபத்து என்று நினைத்திருந்தார். சீட்டில் சர்க்கரை அளவு மிகத் தாழ்ந்து 2.3 என்றிருந்தது.

"வீட்டுக்காரம்மாகூட சேந்தா மயக்கம் வராது, அண்ணே. சேராட்டியும் வராது. சாப்பிடாம மாத்திரை போட்டா வரும்," என்றார் அங்கிருந்த தமிழ் டாக்டர்.

தொழிற்சாலையில் அது எடுபடவில்லை. "நாப்பத்தெட்டு நாளு தாங்கலையா லா? வயசு அம்பத்திரண்டு, ஆளு இன்னும் ஸ்ட்ராங்!" என்று உடன் வேலை செய்யும் ராமையா சிரித்தார். புவனேசனும் சிரித்துவைத்தார்.

அவர் மனைவி பிரேமாவதிக்குச் சிரிக்கவும் இடமில்லை. பால்குடம் எடுக்கும் பெண்கள் பட்டியலிலிருந்து அவள் பெயரை அடித்துவிட்டார்கள். "புருசனக் கொஞ்ச நாளு சும்மா விடக்கூடாதா?" என்று ஒருத்தி கோயில் சமையற்கூடத்திலேயே கேட்டாள். கழுவிக்கொண்டிருந்த அண்டாவைப் பிரேமாவதி பாதியில் விட்டு வந்தாள்.

இரண்டாம் இணைப்பு, 2025 ஜனவரி 20ஆம் தேதியிட்ட அரசாங்க கிளினிக் சீட்டு. இனிப்புநீரால் நரம்பு தளர்ந்து, மூன்று ஆண்டுகளாக உறவு கொள்ள இயலாதவர் என்று அதில் எழுதியிருந்தது. சிகிச்சை உண்டு, மனைவியையும் அழைத்து வாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். அவர் சீட்டைக் கோப்பில் வைத்ததோடு சரி. அந்த மூன்று ஆண்டும் காவடி எடுத்தார். விரத நாள்களில் தனிப்பாய்க்கு ஒரு காரணம் இருந்தது. மற்ற நாள்களில் இருவரும் தூங்குவதுபோல் கிடந்தார்கள். உறக்கம் அவருக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை.

கடிதத்தைத் தட்டச்சு செய்த அன்று மாலை கிளினிக் சீட்டை அவளிடம் நீட்டினார். அவள் இருமுறை படித்தாள்.

"என்னைப் புடிக்காமப் போச்சுன்னு நெனச்சேன்."

"அப்படி இல்ல."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அவர் சீட்டை வாங்கி மருத்துவமனைச் சீட்டோடு சேர்த்து வைத்தார்.

"இத வைக்காதீங்க. ஆஸ்பத்திரி சீட்டு போதும். இருளப்பன் அண்ணன் வாய் சும்மா இருக்காது. ஊரே பேசும்."

"அது மயக்கத்துக்குப் பதிலு. உன் பேருக்குப் பதிலு இதுதான்."

"உங்க பேரு கெட்டுப்போகாதா?"

"எழுதிட்டேன்," என்றார்.

அவள் ஸ்டேப்ளரை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள். சீட்டு இரண்டின் நகல்களையும் ஒன்றாகக் குத்தினார். பிறகு கடைசிப் பத்தியைத் தட்டினார்:

'என் மனைவி பிரேமாவதி மீது சுமத்திய பழியைக் கூட்டக் குறிப்பிலிருந்து நீக்க வேண்டும். அறிவித்த அதே ஒலிபெருக்கியில் மறுப்பும் அறிவிக்க வேண்டும். நீக்கியதற்கான பதிலை, தலைவர், செயலாளர் இருவர் கையொப்பத்துடன், பதினான்கு நாள்களுக்குள் எழுத்து மூலம் எனக்குத் தர வேண்டும். வாய்வழிப் பதிலை ஏற்கமாட்டேன்.'