நாய்க்கு இரண்டு காவல்

“வீட்டைக் காக்கத்தான் ஆக்கள் நாய் வளக்கிறது. நீங்கள் ரெண்டு பேரும் நாயைக் காக்கிறதுக்கு வீட்டை வித்துப் போடுவியள்” என்று என் கணவர் வருடத்துக்கு ஒருமுறையாவது சொல்வார். ரெண்டு பேர் என்றது என்னையும் அவருடைய அக்காவையும். நாங்கள் சண்டையால் இடம்பெயர்ந்து மல்லாவிப் பக்கம் வந்து, ஒரே வளவுக்குள் இரண்டு ஓலைக் கொட்டில் போட்டு இருந்தோம். முன் கொட்டிலில் நாங்களும் எங்கள் சின்ன மகளும். பின் கொட்டிலில் அவருடைய அக்கா, என் மச்சாள்.

நாய் நாங்கள் வந்த அடுத்த கிழமையே தானாக வந்து சேர்ந்தது. மண்ணிற நாய், ஒரு காது மடிந்திருக்கும். அதற்கு ஒருவரும் பெயர் வைக்கவில்லை. “அடே” என்றால் வரும். மகள் தவழத் தொடங்கிய நாளில் இருந்து அவளுக்குப் பின்னாலேயே திரியும். அவள் அதன் வாலைப் பிடித்துத்தான் எழும்பி நிற்கப் பழகினாள். பார்க்க ஆசையாக இருக்கும். உடனேயே பயமாகவும் இருக்கும். பள்ளிக்கூடத்தில் விசர்நாய்க்கடியைப் பற்றிப் படித்தவள் நான். பிள்ளையின் கையை நாய் நக்கும்போதெல்லாம் அந்தப் பாடம் ஞாபகம் வரும்.

அதனால் ஒவ்வொரு வருடமும் நாய்க்கு ஊசி போடுவித்தேன். மல்லாவியில் மாட்டு டொக்டர் இருந்தார். மருந்து வவுனியாவில் இருந்து வரவேண்டும். எடுத்துவரப் போகிற செலவை நாய் வைத்திருப்பவர்கள் பங்கு போட்டுக் கொடுப்போம். முதல் வருடம் கன பேர் சேர்ந்ததால் பங்கு பெரிதாகத் தெரியவில்லை. அடுத்த வருடம் பெற்றோல் விலை ஏறியது, சிலர் விட்டுவிட்டார்கள். அவர்கள் விட, மற்றவர்களின் பங்கு கூடியது. பங்கு கூட, இன்னும் சிலர் விட்டார்கள். மூன்றாம் வருடம் டொக்டரின் வாசலில் நாயோடு நின்றவர்களை ஒரு பார்வையில் எண்ணி முடித்துவிடலாம்.

மச்சாளுக்கு ஊசியில் நம்பிக்கை இல்லை. அவாவுக்கு வைரவர்தான். குளக்கட்டில் ஒரு மருதமரத்தின் கீழ் சூலம் நட்டிருந்தது. நாய் வைரவரின் வாகனம், ஆனபடியால் நாயைப் பார்ப்பது அவருடைய பொறுப்பு என்பது அவாவின் நியாயம். வருடத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் நாயின் பேரில் வடைமாலை சாத்துவா. படைத்த வடையில் முதல் வடை நாய்க்கு.

“உன்ர ஊசி குத்தினால் அது கத்துது. என்ர ஊசியைப் பார், வாலாட்டித் தின்னுது” என்பா.

“மச்சாள், விசர் நாய் வடை தின்னுமோ?”

“விசர் வந்தால்தானே அதைப் பற்றி யோசிக்க.”

மூன்றாம் வருடம் எனக்கே தடுமாற்றம் வந்தது. பால்மா விலை ஏறியிருந்தது. மகளுக்கு மழைக்குப் போட ஒரு தடித்த சட்டை வேண்டுமென்று முட்டை விற்ற காசைச் சேர்த்து வைத்திருந்தேன். ஊசிப் பங்குக்கு அதைத்தான் எடுக்க வேண்டும். இரண்டு வருடம் கொடுத்தோமே, என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததுக்கா காசு கொடுக்கிறோம் என்று தோன்றும். ஒன்றும் நடக்காமல் இருப்பதற்குத்தானே கொடுக்கிறோம் என்று அடுத்த நிமிடம் தோன்றும். கணவரைக் கேட்டேன். “குடுத்தால் உமக்கு நித்திரை வருமெண்டால் குடும்” என்றார். கொடுத்தேன். சட்டைக்குப் பதிலாக என்னுடைய பழைய சேலையை மடித்துத் தைத்தேன்.

ஊசி போடப் போனபோதுதான் மருந்தை ஐஸ் போட்டுக் கொண்டுவந்த றெஜிபோம் பெட்டியைப் பார்த்தேன். வழியில் ஆமிக்காரர் சோதனைக்கு மறித்து வைத்ததில் ஐஸ் கரைந்து, மருந்துக் குப்பிகள் தண்ணீரில் மிதந்தன. டொக்டர் ஒரு குப்பியைத் துடைத்து எடுத்துப் போட்டார். இனி இது பிடிக்குமோ என்று நான் கேட்கவில்லை. மச்சாள் அந்த வருடம் வடைமாலை சாத்தவில்லை. உளுந்து விற்ற விலைக்கு, “வைரவருக்குத் தெரியும், கடையிலை அவரும் விலை கேட்டிருப்பார்” என்று விட்டுவிட்டா.

மழை தொடங்கி வயல் பச்சையாக இருந்த நேரம் அது. காலையில் மகள் முற்றத்தில் பாயில் இருந்தாள். நான் கிணற்றடியில் உடுப்பு அலசிக்கொண்டிருந்தேன். வரம்பால் ஒரு நாய் வந்தது. தலை தொங்கியிருந்தது, வாயால் எச்சில் வழிந்தது, நேராக நடக்கவில்லை. நான் கத்துவதற்கு முதல் எங்கள் நாய் குறுக்கே போய்விட்டது. இரண்டும் கட்டிப் புரண்டன. நான் ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கினேன். கணவர் மண்வெட்டியோடு வர, வந்த நாய் காட்டுப் பக்கம் ஓடியது. பிறகு அதை ஒருவரும் காணவில்லை. எங்கள் நாயின் மடிந்த காது கிழிந்து இரத்தம் வந்தது.

கணவர் கைகளில் சொப்பிங் பையைச் சுற்றிக்கொண்டு சவர்க்காரம் போட்டு அந்தக் காதைக் கழுவினார். நாய் அசையாமல் நின்றது. நான் மகளின் சட்டையைக் கழற்றி உடம்பெல்லாம் பார்த்தேன், ஒரு கீறலும் இல்லை. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பவும் பார்த்தேன். அதற்குள் அயல் ஆக்கள் வேலிக்கு அப்பால் கூடிவிட்டார்கள்.

“குழந்தைப்பிள்ளை இருக்கிற வீடு. அடிச்சுப் போடுங்கோ, வேறை கதை இல்லை” என்றார் ஒருவர்.

“ஊசி போட்ட நாய்” என்றேன். சொல்லும்போதே தண்ணீரில் மிதந்த குப்பிகள்தான் கண்ணுக்குள் நின்றன.

நாயைப் பின்வளவில் வேப்பமரத்தில் கட்டிவிட்டு டொக்டரிடம் போனேன். ஊசி பிடித்திருக்குமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“தங்கச்சி, ஐஸ் இல்லாமல் வந்த மருந்து. பிடிச்சிருக்கலாம், பிடிக்காமலும் விட்டிருக்கலாம். திரும்ப ஒருக்கால் போட்டால் நல்லது. என்னட்டை இல்லை. தண்ணீரூற்று ஊரிலை, மாட்டாஸ்பத்திரியின்ர மண்ணெண்ணெயிலை ஓடுற பிறிட்ஜுக்குள்ளை கொஞ்சம் கிடக்கு. கட்டி வைச்சுப் பாருங்கோ. பிள்ளையைக் கிட்ட விடாதேங்கோ. சாப்பிடாமல் விட்டாலோ குணம் மாறினாலோ உடனே சொல்லியனுப்புங்கோ.”

“எவ்வளவு காலத்துக்கு?”

“வயலிலை நெல்லு வெட்டும் வரைக்கும் பாருங்கோ. பிறகு நான் வந்து பாக்கிறன்.”

வீட்டுக்கு வந்து சொன்னேன். மச்சாள் குந்தியிருந்து கேட்டா. அவாவின் முகம் ஒருமாதிரி இருந்தது.

“நான் இந்த முறை மாலை போடேல்லை” என்றா.

“அதாலை இல்லை மச்சாள்.”

“உனக்கென்ன தெரியும்? உன்ர ஊசிக்கு ஐஸ் இல்லை, என்ர வைரவருக்கு வடை இல்லை. பாவம், ரெண்டு பக்கத்தாலும் காவல் இல்லாமல் நிண்டிருக்கு.” பிறகு எழும்பிச் சேலையைச் சரிசெய்தா. “நீ பிள்ளையை விட்டிட்டுப் போகேலாது. அந்தச் சுடுதண்ணிப் போத்திலைத் தா. தண்ணீரூற்றுக்கு நான் போறன்.”

மகளுக்குப் பால் கரைக்க வைத்திருந்த போத்தில் அது; சூட்டைப் போலக் குளிரையும் காக்கும். மனமில்லாமல்தான் கொடுத்தேன். அடுத்த நாள் பின்னேரம் உழவு மெசினில் வந்து இறங்கினா. மருந்துக் குப்பி ஐஸ் தண்ணீருக்குள் குளிராகவே இருந்தது. வழியில் மெசினின் பின்பெட்டிக்குள் இருந்தவர்கள் நெருக்கியடித்தார்களாம். ஒருவர், “அக்கா, போத்திலுக்குள்ளை தேத்தண்ணியோ, ஒரு வாய் தாங்கோவன்” என்று கேட்டாராம். “விசர்நாய்க்கு மருந்து” என்றாவாம். அதற்குப் பிறகு கால் நீட்டி இருக்க இடம் கிடைத்ததாம். டொக்டர் அன்று பொழுதுபட முதலே வந்து நாய்க்கு ஊசியைப் போட்டுவிட்டுப் போனார்.

அவா அங்கே போயிருந்த நேரம் நான் இங்கே முட்டைகளைக் கடையில் கொடுத்து உளுந்து வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வைரவர் ஊசி போடுவார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் மச்சாளின் அந்த முகத்தை அப்படியே விட முடியவில்லை. வடைமாலைக்கு எனக்குப் பழக்கமில்லை. மாவில் தண்ணீர் போதாது, வடை ஓடு மாதிரி வந்தது. கணவர் ஒன்றைக் கடித்துப் பார்த்தார்.

“வைரவர் நல்ல பல்லுள்ள தெய்வம்” என்றார்.

மச்சாள் மாலையைப் பார்த்துச் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு குளக்கட்டுக்கு நடந்தா. போகும் வழியெல்லாம், இரண்டாவது ஊசியை டொக்டர் சரியான இடத்தில்தான் குத்தினாரோ என்று என்னையே கேட்டுக்கொண்டு வந்தா. அது நான் கேட்கிற கேள்வி.

அந்த மழைக்காலம் முழுக்க நான் நாயின் சாப்பாட்டுத் தட்டைத்தான் பார்த்தேன். நீளத் தடியால் தள்ளித்தான் சோறு வைப்போம். அது தின்று முடித்தால் எனக்கும் சோறு இறங்கும். ஒரு நாள் மழைக் குளிரில் பாதியை விட்டுவிட்டது. அன்று முழுக்க என் கை வேலைக்கு வரவில்லை. பின்னேரம் அது மீதியைத் தின்றது. மகள் கொட்டில் வாசலில் நின்று “அடே, அடே” என்று கூப்பிடுவாள். அது எழும்பி, கயிறு விடுகிற தூரம் வரை வந்து நிற்கும். அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போக எனக்கு மனமே வராது. ஆனாலும் தூக்கிக்கொண்டு போவேன்.

வயல் வெட்டத் தொடங்கியதும் டொக்டர் சைக்கிளில் வந்தார். நாயைச் சுற்றி நடந்து பார்த்தார், தண்ணீர் வைத்து அது குடிக்கிறதா என்று பார்த்தார். “ஒண்டும் இல்லை. அவிட்டு விடலாம்” என்றார்.

மச்சாள் முன்னுக்கு வந்தா. “டொக்டர், உங்கட ஊசியாலையோ, எங்கட மாலையாலையோ?”

“அம்மா, கடிச்ச நாய்க்கு விசர் இருந்துதோ எண்டே எனக்குத் தெரியாது. வேறை ஏதும் நோய் வந்த வருத்தக்கார நாயாயும் இருந்திருக்கலாம்.”

“அப்ப நாங்கள் குடுத்ததெல்லாம் வீணோ?” என்று கணவர் கேட்டார்.

“அதையும் ஒருத்தராலும் சொல்லேலாது. வாற வருசம் பங்கு இன்னும் கூடும், அதை மட்டும் சொல்லலாம்” என்றார் டொக்டர்.

கணவர் என்னைப் பார்த்தார். நான் மச்சாளைப் பார்த்தேன். “போடத்தான் வேணும்” என்றா அவா, வைரவரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல்.

மரத்தில் இருந்து கயிற்றை அவிழ்த்தேன். நாய் உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு நேரே மகளிடம் போனது. அவள் இரண்டு கையாலும் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். டொக்டர் சொன்ன பிறகும் எனக்குப் பயம் முழுக்கப் போகவில்லை. ஆனாலும் அவளைத் தூக்கவில்லை. கயிற்றின் மறு நுனியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, அவர்களுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன்.