லம்துவன் பெரியம்மாவும் நாக்கடியில் நான்கு சொட்டும்

லம்துவன் பெரியம்மாவுக்கு வயது நாற்பத்தேழு. மூன் ஆற்றின் தென்கரையில் உள்ள எங்கள் ஊர்களுக்குக் காய்கறி வண்டி ஓட்டுகிறவர். கூரைக் கம்பியில் பைபையாகப் பச்சைமிளகாயும் எலுமிச்சையும் தொங்க, தினமும் காலையில் வண்டி ஒவ்வொரு தெருவாக நுழையும். ஒலிபெருக்கியில் அவர் கூவுவதைக் கேட்டாலே கத்தரிக்காய் வாங்கத் தோன்றும். நாள் முழுக்கப் பேசினாலும் கட்டாத தொண்டை. அதனால்தான் ஐப்பசியில் நடக்கும் படகுப் போட்டிக்குப் பதினோரு வருஷமாக அவரே வர்ணனையாளர். முப்பது பேர் துடுப்புப் போடும் படகு ஒரு நிமிஷத்துக்குள் எல்லைக்கோட்டைத் தாண்டிவிடும். அந்த ஒரு நிமிஷத்தில் அவர் வாயிலிருந்து எத்தனை சொல் வந்தது என்று எண்ணிப் பார்த்துத் தோற்றவள் நான்.

போன வருஷம் இறுதிப் போட்டியில் அந்த வாய் தப்பு செய்தது. எங்கள் கோயில் படகு வெள்ளி நாகம் ஜெயித்ததாக அறிவித்துவிட்டார். உண்மையில் வென்றது எதிர்க்கரைப் படகு பொன்மலர். எதிர்க்கரைக்காரர்கள் மேடையைச் சூழ்ந்து கத்தினார்கள். பெரியம்மாவுக்கு மூச்சு முட்டியது, கை மரத்துப்போனது, மாரடைப்பு என்று நினைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். இதயத்தில் ஒன்றுமில்லை. பதற்றம் என்றார்கள். அதன்பிறகு மைக்கைக் கண்டாலே அவருக்குக் கை நடுங்கியது. தூக்கம் போயிற்று, சாப்பாடு போயிற்று. வண்டியில் பழைய ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். மனச்சோர்வும் சேர்ந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். பாதி குணம் தெரிந்தது. மீதி அப்படியே நின்றது.

விழாக் குழு நல்ல மாதிரியாகத்தான் சொன்னது. இந்த வருஷமும் முடியாதென்றால் சுரின் நகரத்திலிருந்து ஓர் ஆளைப் பிடித்து, இனி அவரையே நிரந்தரமாக வைத்துக்கொள்வோம் என்றார்கள்.

ஆவணியில் பெரியாஸ்பத்திரி டாக்டர் மாத்திரையோடு சேர்த்து கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த சிபிடி எண்ணெயை எழுதிக்கொடுத்தார். ரத்தம் எடுத்துக் கல்லீரலைச் சோதித்த பிறகுதான் கொடுத்தார். நான் எங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறேன். பொதுச் சுகாதாரம் படித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள்; அதனால் பெரியம்மாவுக்கு நான் டாக்டரம்மா. அந்தக் குப்பியைச் சரியாகப் பயன்படுத்துகிறாரா என்று பார்ப்பது என் பொறுப்பானது.

"கஞ்சாவா? அப்ப நான் சிரிச்சிக்கிட்டே திரியணுமா?" என்று கேட்டார் பெரியம்மா.

"இல்ல பெரியம்மா. அந்தச் செடிக்குள்ள ரெண்டு பேரு குடியிருக்காங்கன்னு வச்சுக்கங்க. ஒருத்தன் போதை ஏத்தி ஆட்டம் போடுறவன். இன்னொருத்தன் சும்மா உக்காந்திருக்கிறவன். இந்தக் குப்பியில இருக்கிறது ரெண்டாவது ஆளு."

"சும்மா உக்கார்றதுக்கா மருந்து? எங்க வீட்டுல ஒருத்தர் இருபது வருஷமா மருந்தில்லாமலே அதச் செய்றாரு."

அவர் கணவர் புன்தம் பெரியப்பா கயிற்றுக்கட்டிலிலிருந்து, "காதுல விழுது" என்றார்.

நாக்கடியில் நான்கு சொட்டு விட்டு ஒரு நிமிஷம் பேசாமல் இருக்க வேண்டும். பெரியம்மாவின் நோய் மைக்கில்தான் வாயைக் கட்டியதே தவிர, வீட்டில் கட்டவில்லை. முதல் நாள் ஐந்தாவது நொடியில், "இது என்னடி, செருப்பு நனைஞ்ச வாசனை?" என்று கேட்டு முழுங்கிவிட்டார். இரண்டாம் நாள் மூக்கால் பேசினார். மூன்றாம் நாள் கையால் பேசினார். அதற்குப் பெரியப்பாவும் கையாலேயே பதில் சொல்லப்போய் சண்டை வந்துவிட்டது.

ஊரில் எல்லாருக்கும் ஒரே ஆவல். காய் தேவைப்படாத வீட்டுக்காரிகள்கூட வண்டியை நிறுத்தி அவர் முகத்தையே பார்த்தார்கள். "கண்ணு செவந்திருக்கா?" "இன்னும் இல்லடி." ஒருநாள் பெரியம்மா பொறுக்க முடியாமல், "கொத்தமல்லி வேணுமா, என் கண்ணு வேணுமா? கண்ணுக்கு இன்னிக்கு விலை போடல" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு வண்டிக்குள்ளிருந்து வந்த முதல் கேலி அது. நான் அதைக் குறித்துவைக்க விரும்பினேன். என் படிவத்தில் அதற்கு இடமில்லை. தூக்கம், பசி, ஆர்வம் என்று ஒன்பது கேள்விகள்தான்; மதிப்பெண் குறையக் குறைய நல்லது. பதினேழில் இருந்த மதிப்பெண் ஏழு வாரத்தில் ஒன்பதுக்கு வந்தது.

நான் துள்ளினேன். பிறகு எனக்கே சந்தேகம் வந்தது. இறக்கியது சொட்டா? மெதுவாக வேலை செய்த மாத்திரையா? இல்லை, தினமும் காலையும் மாலையும் ஒருத்தி வந்து "நேத்து தூங்குனீங்களா?" என்று கேட்டதா? டாக்டரிடம் கேட்டேன். "பதற்றத்துக்கு இது கேக்குதுன்னு சில ஆய்வு சொல்லுது. மனச்சோர்வுக்கு இன்னும் உறுதியாச் சொல்ல முடியல. பாத்துக்கிட்டே இருப்போம்" என்றார். பரீட்சையில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு விடை எழுதியே பட்டம் வாங்கியவள் நான். தெரியாது என்பதை ஒரு டாக்டர் இவ்வளவு சாதாரணமாகச் சொல்வார் என்று எதிர்பார்க்கவில்லை.

போட்டி நாளன்று பெரியம்மா மேடைக்கு வந்தார். அதுவே பெரிய விஷயம். ஆனால் மைக்கைத் தொடவில்லை. சுரின்காரர் காலைப் போட்டிகளுக்கெல்லாம் வர்ணனை சொல்ல, பெரியம்மா பக்கத்து நாற்காலியில் மடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மத்தியானம் வெள்ளி நாகத்துக்கும் பொன்மலருக்கும் அரையிறுதி.

அதற்குள் கீழே வேறொரு காரியம் நடந்திருந்தது. படகுக்காரர்களுக்குக் கோழிச்சூப் வைக்கும் பொறுப்பு புன்தம் பெரியப்பாவுடையது. எங்கள் பக்கத்துச் சூப்பில் கஞ்சா இலை ஒன்றிரண்டு போடுவது பழைய பழக்கம்தான். பெரியப்பாவோ, பெண்டாட்டியை எழுப்பி உட்காரவைத்த செடி படகையும் தள்ளும் என்று கணக்குப் போட்டு, வீட்டுச் செடியில் பாதியை உருவிப் போட்டிருக்கிறார். சுக்கான் பிடிக்கும் என் அப்பா இரண்டு கிண்ணம் குடித்திருக்கிறார். இதெல்லாம் எனக்குத் தெரியவந்தபோது படகு ஆற்றில் இருந்தது.

"பெரியப்பா, குப்பியில இருக்கிற ஆளு வேற, இலையில இருக்கிற ஆளு வேற!"

"ரெண்டும் ஒரே வீட்டு ஆளுங்கன்னு நீதானே சொன்ன?"

கொடி இறங்கியது. பொன்மலர் அம்பு போலக் கிளம்பியது. வெள்ளி நாகம் கிளம்பி, நின்று, கரையைப் பார்த்துத் திரும்பியது. சுரின்காரருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "வெள்ளி நாகம்... வெள்ளி நாகம்..." என்று அங்கேயே நின்றுவிட்டார். பெரியம்மா எழுந்தார். சுரின்காரர் கையிலிருந்து மைக்கை வாங்கினார். அவர் கை நடுங்கியதை நான் பார்த்தேன். நடுங்கிக்கொண்டேதான் பேசினார்.

"வெள்ளி நாகத்துக்கு என்னப்பா ஆச்சு! முன்னாடி இருக்கிறவன் கெழக்க போடுறான், பின்னாடி இருக்கிறவன் மேக்க போடுறான்! ஆறாவது ஆளு துடுப்ப மடியில வச்சிட்டு வானத்தப் பாக்குறான்! தம்பி, மேகம் நாளைக்கும் இருக்கும், போட்டி இன்னிக்குத்தான்! சுக்கான் பிடிக்கிறவரு கரைக்கு வணக்கம் போடுறாரு! டாக்டரம்மா, உங்கப்பாதான், கொஞ்சம் பதிலுக்குக் கும்புடுங்க! சூப்பு வச்சது என் புருஷன்னு இப்பத்தான் தகவல் வந்திருக்கு. அவர நான் வீட்டுல பாத்துக்கிறேன்! அந்தப் பக்கம் பொன்மலர், கோட்டத் தாண்டியாச்சு, ஜெயிச்சது பொன்மலர்! எம் மேல சத்தியமா, பொன்மலர்!"

இரண்டு கரையும் சிரித்தன. நானும் அப்பாவுக்குக் கும்பிடு போட்டேன். படகை மீட்புப் படகு இழுத்து வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பசியைத் தவிர. நான் ஒவ்வொருவருக்கும் நாடி பார்த்தேன். அவர்களோ ஒட்டும் அரிசிச் சோறு எங்கே என்று கேட்டார்கள்.

அடுத்த வாரம் படிவத்தில் ஏழு வந்தது. பூஜ்யம் இல்லை. சில நாள் விடியுமுன்னே விழிப்பு வந்து நெஞ்சு படபடக்கிறது என்கிறார். சொட்டைத் தொடரலாமா, குறைக்கலாமா என்று டாக்டர் அடுத்த மாதம் பார்த்துச் சொல்வார்.

ஆனால் போட்டி அன்று பொன்மலர்க்காரர்கள் துடுப்போடு மேடைக்கு ஓடி வந்ததை நான் சொல்ல வேண்டும். போன வருஷம் கத்தியவர்களும் அதில் இருந்தார்கள். பெரியம்மா ஓர் அடி பின்னால் போனார். அவர்களில் பெரியவர் கைபேசியை நீட்டினார்.

"சிரிப்புச் சத்தத்துல எங்க பேரு கேக்கவேயில்ல தங்கச்சி. இன்னொரு தடவ சொல்லு, பதிவு பண்ணணும்."

"ஒரே ஒரு தடவதான்" என்றார் பெரியம்மா. நான்கு தடவை சொன்னார்.