கஸ்ஸின் கண்ணும் டெக்லனின் கையும்

கஸ் வொலான்ஸ்கியை டிவியில் பார்த்தவர்களுக்கு அவனுடைய கோட்டு ஞாபகம் இருக்கும். நான் அவன் பக்கத்தில் பல வருடம் சாக்ஸபோன் ஊதியவன். அந்தக் கோட்டுக்குள் அவனுக்கு எப்படி வேர்க்கும் என்று எனக்குத் தெரியும்.

கஸ் நியூ ஜெர்ஸியில் பெர்த் அம்பாய் ஊர்க்காரன். பள்ளிக்கூட வயதிலேயே போலிஷ் கல்யாணங்களில் டிரம்ஸ் அடித்தான். மாப்பிள்ளை வீட்டார் குடித்துவிட்டு மேடையில் விழுந்தாலும் இவன் தாளம் விழாது. அதைக் கேள்விப்பட்டுத்தான் டெக்லன் மர்ரே தன் ராக் குழுவுக்கு அவனை இழுத்துக்கொண்டான். டெக்லனின் பாட்டு எப்போது முடியும் என்று டெக்லனுக்கே தெரியாது. கூட்டம் சூடேறினால் முஷ்டியை உயர்த்துவான். இன்னும் ஒரு சுற்று என்று அர்த்தம். ராத்திரி முழுக்க கஸ் அந்தக் கையைப் பார்த்தே அடிப்பான். போஸ்டரிலும் அந்த முஷ்டிதான். ரசிகர்கள் தோளில் பச்சை குத்திக்கொண்டதும் அதைத்தான்.

பத்து வருடம் கழித்து டெக்லன் கஸ்ஸுக்குப் போன் போட்டு, "இனிமே தனியாப் பாடப் போறேன்டா," என்றான். அவ்வளவுதான், குழு கலைந்தது. கஸ் வீடுகளுக்குப் பெயின்ட் அடித்துப் பிழைத்தான். பின்னால் இதைக் கேள்விப்பட்டு டெக்லன்மேல் எனக்கு ரொம்ப நாள் கோபம்.

பிறகு நியூயார்க்கில் ஒரு டிவி நிகழ்ச்சிக்கு இசைக்குழுத் தலைவர் ஆனான் கஸ். நான் அப்போதுதான் அவனிடம் சேர்ந்தேன். இந்த வேலையே வேறு. விளம்பரம் ஓடும்போது அரங்கத்தில் இருப்பவர்களுக்கு முழுப் பாட்டும் வாசிப்போம். வீட்டில் இருப்பவர்களுக்குக் கேட்பது தலையும் வாலும்தான். கேமராவுக்குப் பக்கத்தில் நிற்கும் பெண் முஷ்டியை உயர்த்தினால் அந்தக் கணமே நிறுத்த வேண்டும், பாட்டு எவ்வளவு அழகான இடத்தில் இருந்தாலும். ஆரம்பத்தில் கஸ் பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தினான். போகப் போக அவனைப் போலச் சுத்தமாக நிறுத்த ஆளே இல்லை.

டெக்லன் மறுபடி கூப்பிட்டபோது இருவருக்கும் தலை நரைத்திருந்தது. பழைய குழு, கோடை முழுக்கச் சுற்றுப்பயணம். டிவிக்காரர்கள் லீவு கொடுத்தார்கள். கஸ் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினான். பழைய இடத்துக்கு அவன் எவ்வளவு ஏங்கியிருந்தான் என்று காரில்தான் புரிந்தது. வழி முழுக்க ஸ்டியரிங்கில் தட்டிக்கொண்டே வந்தான்.

ஆஸ்பரி பார்க் ஊரில் ஒத்திகை. முதல் பாட்டே பற்றி எரிந்தது. டெக்லன் முஷ்டியைத் தூக்கினான். டிரம்ஸ் சட்டென்று நின்றது. மற்ற நாங்கள் தடுமாறி, வாசிப்பில் ஆளுக்கொரு பக்கம் போனோம்.

"என்னடா, விளம்பரமா?" என்றான் டெக்லன். எல்லாரும் சிரித்தோம், கஸ்ஸும்தான்.

மறுபடி அதே இடத்தில் நின்றது. அடுத்த தடவையும் நின்றபோது யாரும் சிரிக்கவில்லை.

"புத்திக்குத் தெரியுதுடா. கைதான் கேக்க மாட்டேங்குது," என்றான் கஸ்.

"கண்ணை மூடிக்கிட்டு அடிச்சுப் பாரேன்," என்றேன், பெரிய மேதாவி மாதிரி.

மூடிக்கொண்டு அடித்தான். டெக்லன் முடித்தான், நாங்களும் முடித்தோம். அது தெரியாமல் கஸ் தனியாக அடித்துக்கொண்டே இருந்தான். அவன் கண்ணைத் திறந்தபோது எல்லாரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தோம். பாவமாக இருந்தது.

மானேஜர் ஹெஸ்டர் டெக்லனை ஓரமாகக் கூப்பிட்டாள். ஆனால் மெதுவாகப் பேசும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

"பிலடெல்பியால வேற டிரம்மர் ரெடியா இருக்கான். டிக்கெட்டெல்லாம் வித்தாச்சு. உன் சிநேகிதத்துக்காக நாம அசிங்கப்பட முடியாது."

கஸ் குச்சிகளைப் பையில் வைத்தான். "அவங்க சொல்றது சரிதான் டெக். அந்த ஆளையே கூப்பிடு. என்னை டிவி பழக்கிடுச்சு."

"உக்காருடா."

"எதுக்கு? நாளைக்கும் இதேதான் நடக்கும்."

"உக்காருன்னா உக்காரு. உன்னை ஒரு தடவை போன்ல அனுப்பினேன் பாரு, அதுவே போதும். நான் மைக்கை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கறேன். இன்னொரு சுத்து வேணும்னா திரும்பி உன்னைப் பாக்கறேன்."

அப்படியே பாடினான், அந்தக் கோடை முழுக்க. "கையைத் தூக்கு, கையைத் தூக்கு" என்று ஊருக்கு ஊர் ஆயிரக்கணக்கில் கத்தினார்கள். அவன் மைக்கை விடவில்லை. கஸ் கண்ணைத் திறந்துகொண்டு, கோட்டில்லாமல், இளவட்டம் மாதிரி அடித்தான்.

மர்ரேவிடம் பழைய நெருப்பு இல்லை, கையைத் தூக்கக்கூடத் தெம்பில்லை என்று ஒரு பத்திரிகைக்காரன் எழுதினான். எனக்கு அவனை உதைக்க வேண்டும் போல இருந்தது. அடுத்த ஊருக்குப் போகும் பஸ்ஸில், பதில் எழுதி அனுப்பலாமா என்று ஹெஸ்டர் கேட்டாள். டெக்லன் பின்னால் திரும்பிப் பார்த்தான். கடைசி சீட்டில் கஸ் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

"வயசாயிடுச்சுன்னுதானே எழுதியிருக்கான்?" என்றான் டெக்லன். "விடு. சத்தமாப் பேசாதே."