செக்பொயின்ட்டில் இறுக்கிய சங்கிலி

டிரெயிலர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த வாகனம் நன்றாக இழுக்கும் என்பதைத்தான். கொட்டாஞ்சேனையில் ஜுனைதீன் நானாவின் கராஜில் சேர்ந்த முதல் நாள் நானும் அதைத்தான் கேட்டேன். முற்றத்தில் பளபளவென்று ஒரு பிக்கப்பும், கிழட்டு லொறி ஒன்றும் நின்றன. நானா மீசையை முறுக்கிக்கொண்டு லொறியைக் காட்டினார்.

"இழுக்கிறதுக்கு எதுவும் இழுக்கும். நிப்பாட்டக்குள்ளதான் வாகனத்துட குணம் தெரியும். பின்னால உள்ளது தள்ளக்குள்ள முன்னால உள்ளது அசையப்படாது."

நானாவுக்கு வாயும் நீளம், மூக்கின் மேல் கோபமும் உண்டு. ஆனால் கொக்கி, சங்கிலி என்று வந்துவிட்டால் அவரை மிஞ்ச நான் ஒருவரையும் கண்டதில்லை.

யுத்த காலம். வீதியெங்கும் செக்பொயின்ட். ஒரு நாள் சிலாபத்துக்கு அப்பால் அச்சு முறிந்து கிடந்த டாக்சிக் காரை ஏற்றிவர, அந்த லொறியில் டிரெயிலரை மாட்டிக்கொண்டு நானாவும் நானும் போனோம். காரோடு நின்ற அதன் சொந்தக்காரர் வெள்ளவத்தை நவரத்தினம் அண்ணை. கார் முறிந்ததைவிட, திரும்பிப் போகிற பாதைதான் அவருக்குப் பயம்.

"நானா, எஞ்சின் பின்பக்கம் வாறமாதிரி ஏத்துங்கோ. பொனட்டைக் கெதியாத் திறந்து காட்டிப்போட்டுப் போயிடலாம். என்ர ஐ.சி.யில யாழ்ப்பாண அட்ரஸ். என்ர மச்சானை இப்பிடித்தான் விசாரிக்கவெண்டு இறக்கினவங்கள், இன்னும் விடேல்லை."

அந்த நாட்களில் சில கராஜ்களில் அப்படித்தான் ஏற்றினார்கள். எஞ்சின் முன்னால் இருந்தால் பொனட் லொறியின் முதுகோடு ஒட்டி நிற்கும். ஆமிக்காரன் டிரெயிலரில் ஏறித்தான் பார்க்க வேண்டும், நேரம் போகும். ஆனால் பாரம் பின்னுக்குப் போனால் டிரெயிலர் கொக்கியை மேலே தூக்கும். வேகம் பிடித்ததும் வால் ஆடத் தொடங்கும். பிறகு லொறியையும் சேர்த்துப் பள்ளத்தில்தான் தேட வேண்டும்.

"வாணாம் அண்ணே. எஞ்சின் முன்னாலதான். நீங்க எனக்குப் பக்கத்துல இரிங்க," என்றார் நானா.

முதல் செக்பொயின்ட்டில், காரை டிரெயிலரோடு கட்டியிருந்த சங்கிலியைக் கழற்றச் சொல்லி, காரை அசைத்து, சீட்டையெல்லாம் கிளறினார்கள். ஒரு சிப்பாய் அண்ணையின் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு என்ன நினைத்தானோ, கையில் கொடுத்துவிட்டு "யன்ன, யன்ன!" என்று போகச் சொல்லி விரட்டினான். பின்னால் வாகனங்கள் ஹோர்ன் அடித்தன.

"வெளிக்கிடுங்கோ நானா, அவன்ர மனம் மாற முதல் போயிடுவம்," என்று அண்ணை கெஞ்சினார்.

நானா இறங்கிப் போய்ச் சங்கிலியைக் கையில் எடுத்தார். சிப்பாய் துவக்கை உயர்த்திக் கத்தினான். அண்ணை கண்ணை மூடிக்கொண்டார்.

"பொட்டக் இன்ன, மல்லி," என்றார் நானா, தம்பி கொஞ்சம் பொறு என்று. கார் கழன்றால் பின்னால் வருகிற பஸ்ஸுக்குள்தான் போகும், அதற்குள் சனம் இருக்கிறது என்று சிங்களத்திலேயே விளங்கப்படுத்தினார். பிறகு, பிடி என்று சங்கிலியின் மறுமுனையை அவனிடமே நீட்டினார். சிப்பாய் திகைத்து நின்றான். பின்பு துவக்கை முதுகில் மாட்டிக்கொண்டு பிடித்தான். நானா நிதானமாகக் காரின் நான்கு சில்லையும் சங்கிலியால் இறுக்கி, ஒவ்வொன்றையும் காலால் உதைத்துப் பார்த்தார். ஹோர்ன் அடித்தவர்களை ஒரு முறை முறைக்கவும் மறக்கவில்லை. அந்த நெஞ்சுரத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மெய்சிலிர்க்கிறது.

அங்கிருந்து கொஞ்சத் தூரம்தான் போயிருப்போம். ஒரு பாலத்து இறக்கத்தில் முன்னால் போன பஸ் சடுதியாக நின்றது. நானா பிரேக்கை அமத்தினார். எங்கள் முதுகுக்குப் பின்னால் கார் முன்னுக்குப் பாயப் பார்த்தது. சங்கிலி விறைத்து அதைப் பிடித்துக்கொண்டது. கிழட்டு லொறி முனகியபடி நின்றது.

அடுத்த செக்பொயின்ட்டிலும் கழற்றினார்கள், கிளறினார்கள், விரட்டினார்கள். நானா கதவில் கை வைப்பதற்குள் நவரத்தினம் அண்ணை இறங்கிவிட்டார். ஆமிக்காரன் பார்த்துக்கொண்டு நிற்க, குனிந்து சங்கிலியை எடுத்தார். கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

"அன்ரன், மற்றப் பக்கத்தைப் பிடியும்," என்றார் என்னிடம்.

எந்த வண்டியைத் தெரிவு செய்வது, பாரத்தை எங்கே வைப்பது என்பதையெல்லாம் ஜுனைதீன் நானாவிடம் படித்தேன். நடுங்குகிற கையாலும் சங்கிலியை இறுக்கலாம் என்பதை நவரத்தினம் அண்ணையிடம் படித்தேன்.