வந்து சேர்ந்த செய்தி

டெல்லி மயூர் விஹார் தமிழ்க் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. நம்பவும் முடியாத, நம்பாமல் இருக்கவும் முடியாத செய்தி ஏதாவது வாட்ஸ்அப்பில் வந்தால், அதை அப்படியே பிரபாவுக்குத் தள்ளிவிடுவார்கள். கீழே ‘அக்கா, இது நெஜமா?’ என்று ஒரு வரி இருக்கும். பிரபா அடுப்படியில் நின்றபடியே பார்த்துவிட்டு ‘இல்லை’ என்றோ ‘பாதி’ என்றோ பதில் போடுவாள். அதோடு பேச்சு முடிந்தது. சொசைட்டியில் தண்ணீர்த் தொட்டித் தகராறு என்றால்கூட, கூட்டத்துக்குப் பிரபாவைக் கூப்பிடு என்பார்கள். அவள் யார் பக்கமும் சாயமாட்டாள் என்று ஒரு பெயர். பெயர் சும்மா வந்துவிடாது. இருபத்திரண்டு வருஷம் உழைத்துச் சம்பாதித்தது.

கோவில்பட்டிக்காரி. கல்யாணமாகி டெல்லிக்கு வந்தாள். கணவன் சிவகுமாருக்குப் பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் வேலை. இவளுக்கு ஒரு தனியார் செய்தி நிறுவனத்தின் தமிழ்ப் பிரிவில் இடம் கிடைத்தது. ஆங்கிலத்தில் வருவதைத் தமிழாக்க வேண்டும். வெளியூர் நிருபர்கள் அனுப்புவதைச் செப்பனிட்டு ஏற்ற வேண்டும். “என் கையில ஒரு செய்தியும் ஒரு பக்கமாச் சாஞ்சதில்ல” என்று அடிக்கடி சொல்லிக்கொள்வாள். அதில் கொஞ்சம் பெருமை கூடுதல்தான், ஆனால் பொய் கிடையாது. அவள் எதையும் சாய்த்ததில்லை. வெட்டியிருக்கிறாள், அவ்வளவுதான்.

வெட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முக்கியமானது மேலே, அடுத்தது அதற்குக் கீழே, ஒப்புக்குச் சேர்த்தது கடைசியில். இடம் பற்றாவிட்டால் கீழிருந்து கை வைக்க வேண்டும். படிக்கக்கூட வேண்டாம், கடைசிப் பத்தியில் தலைபோகிற விஷயம் எதுவும் இருக்காது என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. தமிழ் வேறு ஆங்கிலத்தைவிட நீண்டுபோகும். ஆகவே பிரபாவின் கத்திக்கு ஒருநாளும் ஓய்வில்லை.

இந்த முறைக்குக் கடைசிவரை அடங்காத ஒரே ஆள் சுபாஷிணி. இலங்கையில் ஹட்டன் பக்கம், தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில், பிறந்து வளர்ந்த பெண். அவ்வப்போது செய்தி எழுதி அனுப்புவாள். வீட்டுக்கு வந்தவர்களிடம் விஷயம் சொல்வதுபோல எழுதுவாள். முதலில் மழை, பிறகு ரோடு, பிறகு பஸ், அப்புறம்தான் ஆட்கள். உயிரான விஷயம் கடைசியில் வந்து உட்கார்ந்திருக்கும். “முக்கியமானத மேல போடும்மா” என்று பிரபா எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! “சரிக்கா, சரிக்கா” என்று கேட்டுக்கொள்வாள். அடுத்த தடவையும் மழையில்தான் ஆரம்பிப்பாள். பிரபாவுக்குச் சிரிப்பு வரும். ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை என்றாலும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் குரல்பதிவு அனுப்பிக்கொள்ளும் அளவுக்குப் பழக்கமாகியிருந்தது.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஜூலையில் கொழும்பில் கூட்டம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தது. உலகம் பூராவும் அந்த நீச்சல் குளத்தைத்தான் பார்த்தது. குளத்தில் குதிக்கிறவர்கள், மெத்தையில் படுத்துப் படம் எடுத்துக்கொள்கிறவர்கள். பிரபாவின் பிரிவிலும் அதே குளம்தான். மேலிடம் வேறு ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை “ஜல்தி, ஜல்தி” என்று உயிரை எடுத்தது. அந்த வாரத்தில்தான் சுபாஷிணியின் கட்டுரை வந்தது. வழக்கம்போல மழை, ரோடு, ஓடாத பஸ். இலக்கு முந்நூறு வார்த்தை. வந்ததோ ஐந்நூறுக்கு மேல். பிரபா கீழிருந்து வெட்டினாள். மிச்சத்துக்குக் குளத்துப் படத்தையே வைத்து ஏற்றிவிட்டாள்.

வெட்டிய பகுதியில் நான்கு பெண்கள் இருந்தார்கள். மண்ணெண்ணெய்க்காக வரிசையில் நின்றவர்கள். ஒரு நாள் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும். கூலிக்குப் போனால் அடுப்பு எரியாது. இதை அவர்கள் பெயரோடு சொல்லியிருந்தார்கள். தோட்டத்து ஆட்கள் அப்படிப் பெயர் கொடுப்பது லேசான காரியமல்ல. தோட்ட நிர்வாகத்தில் மேலே இருக்கிறவன் கூப்பிட்டுக் கேட்பான். “இந்தியாவுல உங்க பேரு வரும், நான் பொறுப்பு” என்று சுபாஷிணி சொல்லிச் சொல்லித்தான் வாங்கியிருந்தாள்.

கட்டுரை வெளியான பிறகு அவள் ஒரே ஒரு தடவை கேட்டாள். “அக்கா, அந்தக் கடைசிப் பகுதி?” பிரபா உண்மையைத்தான் சொன்னாள். “இடம் பத்தலம்மா. அடுத்த தடவ மொதல்லயே போட்டிரு.” அன்று சாயந்தரம் முழுப் பகுதியையும் படித்துப் பார்த்து, மனசு கேட்காமல் சிவகுமாரிடமும் படித்துக் காட்டினாள். அவர் கேட்டுவிட்டு, “இதப் போட்டிருக்கலாமே” என்றார். “போட்டிருக்கலாந்தான்” என்றாள். அதோடு விட்டிருந்தால் அது தொழிலில் நடக்கிற ஆயிரம் தவறுகளில் ஒன்றாகப் போயிருக்கும்.

அடுத்த பொங்கலுக்குத் தமிழ் அன்பர்கள் சேர்ந்து ஒரு பட்டிமன்றம் வைத்தார்கள். ‘அண்டை நாட்டு நெருக்கடியை நம் ஊடகங்கள் சொன்ன விதம்: நடுநிலையா, ஒருதலையா?’ கரோல் பாக்கில் தொடங்கி மூன்று தலைமுறையாக டெல்லியில் இருக்கும் வைத்திதான் எந்தப் பட்டிமன்றத்துக்கும் நடுவர். மத்திய அரசில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சீட்டுக் குலுக்கிப்போட்டு அணி பிரித்தார். பிரபாவுக்கு ‘நடுநிலை’ வந்தது. எதிர் அணியில் ஹரிஷங்கர். பென்ஷன் வாங்குகிற மனுஷன், ஒரு நாளைக்கு ஐந்து பேப்பர் படிப்பார். அவருக்கு ‘ஒருதலை’.

யூடியூபில் நேரலை என்று தெரிந்ததும் பிரபா அந்த லிங்கை ஊருக்கெல்லாம் அனுப்பினாள். சுபாஷிணிக்கும்தான். ‘உங்கள் நாட்டைப் பற்றித்தான் பேச்சு. அவசியம் பார்’ என்று எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அரங்கம் நிறைந்திருந்தது. குளிருக்கு எல்லோரும் ஸ்வெட்டரும் சால்வையுமாக, பொங்கல் தொன்னையும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். பிரபா பட்டுப்புடவைக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு நன்றாகத்தான் பேசினாள். கைதட்டல் தாராளமாக விழுந்தது. ஹரிஷங்கர் எழுந்தார்.

“எல்லாப் பேப்பர்லயும் ஸ்விம்மிங் பூல் வந்தது. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மலையில தேயிலை பறிக்கறாளே, அவாளும் தமிழாதானே? அவா எந்தக் க்யூவுல நின்னா, எத்தனை நாள் நின்னா, எந்தப் பேப்பராவது போட்டுதா? இந்த அம்மா நியூஸ் ஆபீஸ்லதான் வேலை பார்க்கறா. அவா ஆபீஸ்லயாவது போட்டாளா? பதில் சொல்லட்டும்.”

அரங்கம் பிரபாவைப் பார்த்தது. அவளுக்குப் பதில் தெரியும். அவளையும் சிவகுமாரையும் விட்டால் டெல்லியிலேயே அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஆள் கிடையாது. ‘வந்தது. நான்தான் வெட்டினேன்’ என்று சொல்லியிருந்தால் அன்றைக்குத் தோற்றிருப்பாள். ஒரு பட்டிமன்றத்தில் தோற்றால் குடியா முழுகிவிடும்? ஆனால் மைக் கையில் இருக்கும்போது, முந்நூறு பேர் முகத்தைப் பார்க்கும்போது, நாக்கு அவள் பேச்சைக் கேட்கவில்லை.

“நல்ல கேள்விதான் கேட்டாரு அண்ணன். ஆனா வந்த செய்தியத்தான் போட முடியும். வராத செய்தியப் போட்டா அதுக்குப் பேரு கதை! அங்கேருந்து யாரும் எழுதி அனுப்பலன்னா, டெல்லியில உக்காந்துட்டு நான் என்ன கற்பனையா பண்ண முடியும்?”

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. ஹரிஷங்கரே சிரித்துவிட்டார். “பிரமாதமாப் பேசினேள்” என்று வைத்தி நடுநிலைக்கே தீர்ப்புச் சொன்னார்.

ஈ-ரிக்‌ஷாவில் வீடு திரும்பினார்கள். திருப்பத்தில் சிவகுமார் மெதுவாகக் கேட்டார்.

“அந்த ஹட்டன் பொண்ணு அனுப்பிச்சிதுல்ல? நீ படிச்சுக் காட்டுனியே.”

“பட்டிமன்றத்துல எல்லாம் அப்படித்தாங்க. சீட்டுல என்ன வந்துச்சோ அதப் பேசணும். யாரு உண்மையின்னு எடுத்துக்கப் போறா?”

அவர் “பையா, ரோக்கோ” என்று வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டார். பிரபாவுக்கு அது உறுத்தியது. ஆனாலும் சாயந்தரம் வந்த பாராட்டுகளில் அந்த உறுத்தல் அமுங்கிவிட்டது.

பத்து நாள் கழித்துச் சுபாஷிணியிடமிருந்து குரல்பதிவு வந்தது. பொங்கலுக்கு அனுப்பாத வாழ்த்தாக இருக்கும் என்று நினைத்து, வெங்காயம் நறுக்கிக்கொண்டே போட்டுவிட்டாள்.

“அக்கா, நல்லாப் பேசுனீங்க. நான் அவங்க நாலு பேரையும் கூப்பிட்டு ஒக்காத்தி வச்சித்தான் பாத்தேன். டெல்லி அக்கா நம்ம விசயம் பேசப்போறாங்கன்னு சொல்லி. போன ஜூலையில பேரு வரலன்னதும் அவங்களுக்கு எம்மேல வருத்தம். நான் அனுப்பினேன், டெல்லியில இடமில்லாமப் போச்சுன்னு சொல்லி வச்சிருந்தேன். இப்ப நீங்களே வரலன்னு சொன்னதும், நாலு பேரும் எந்திரிச்சுப் போயிட்டாங்க. எங்க பேர வாங்கி என்ன பண்ணினேன்னு கேக்குறாங்க. நான் ஒண்ணும் கோவமாச் சொல்லலக்கா. நீங்க அப்படிச் சொன்னதுக்கு ஏதும் காரணம் இருக்கும்.”

கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பிரபா ஃபோனை எடுத்தாள். ஜூலை மாதத்துக்குத் தள்ளித் தள்ளிப் போனாள். கட்டுரை அங்கேயே இருந்தது, முழுசாக. அதற்குக் கீழே அவள் போட்ட பதிலும் இருந்தது. ‘கிடைத்தது. நன்றி. நாளை வரும்.’

அதை இன்னொரு தடவை வாசித்தாள். உடனே ஃபோன் போட்டாள்.

“சுபா, நான் கெடச்சுதுன்னு போட்ட மெசேஜ் உங்கிட்ட இருக்குமே. அத அவங்ககிட்டக் காட்டிருக்கலாமேம்மா?”

“காட்டலாந்தான். உங்களுக்குல்ல அசிங்கம்” என்றாள் சுபாஷிணி. “அத்தன பேருக்கு முன்னால பேசின ஆளு.”

பிரபாவுக்கு அழுகையாக வந்தது. இந்தப் பெண்ணைத்தான் மேடையில் ஒரு கைதட்டலுக்காக விற்றிருக்கிறோம் என்று தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

வைத்தியிடம் போனாள். வீடியோவை எடுத்துவிடுங்கள், அல்லது கீழே ஒரு மறுப்பாவது போடுங்கள் என்று கேட்டாள். அவர் சிரித்தார். “பட்டிமன்றப் பேச்சுக்கு மறுப்பா? நாளைக்கு எல்லாரும் வரிசையில வந்து நிப்பா. விடுங்கோ, யாரு அதைத் திரும்பப் பார்க்கப்போறா?” பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டார்கள் என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்று மதியம் பால்கனியில் உட்கார்ந்து தானே ஒரு வீடியோ எடுத்தாள். ஏழு நிமிஷம். தான் யார், இருபத்திரண்டு வருஷமாக என்ன வேலை பார்க்கிறாள், செய்திப் பிரிவில் இடம் எப்படிப் பற்றாமல் போகிறது, பட்டிமன்றத்தில் ஏன் அப்படிப் பேச நேர்ந்தது, எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னாள். பிறகு, சுபாஷிணி அனுப்பியது உண்மை, வெட்டியது நான், வரவில்லை என்று சொன்னது பொய் என்றாள். நான்கு பேரின் பெயரையும் வாசித்தாள். செல்லாயி, ராக்கம்மா, அருக்காணி, புஷ்பராணி. கை கூப்பினாள். சுபாஷிணிக்கு அனுப்பிவிட்டு, சிவகுமாரிடமும் காட்டினாள். அவர் முழுவதும் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார்.

இரண்டு நாள் எந்தச் சத்தமும் இல்லை. மூன்றாம் நாள் பிரபாவே கூப்பிட்டாள்.

“அவங்களுக்குக் காட்டுனியாம்மா?”

“காட்டுனேன்க்கா.”

“என்ன சொன்னாங்க?”

சுபாஷிணி கொஞ்சம் தயங்கினாள். பின்னால் மழைச் சத்தம் கேட்டது.

“ஆரம்பத்துல ஒங்க வேலயப் பத்திச் சொல்லிட்டிருந்தீங்கல்ல. ‘இந்தம்மா அவங்க கதையத்தான் பேசுறாங்க’ன்னு சொல்லிட்டாங்க. அடுப்பு வேல, புள்ளைக வேல. ரெண்டு நிமிசத்துலயே எந்திரிச்சிட்டாங்கக்கா. கடேசி வரைக்கும் யாரும் ஒக்காரல.”

பிரபா ஃபோனோடு பால்கனிக்கு வந்தாள். கீழே யாரோ வண்டியைப் பின்னால் எடுக்கும் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

“நான் ஒக்காந்து கேட்டேன்” என்றாள் சுபாஷிணி. “நாலு பேரோட பேரயும் சரியாத்தான் சொல்லிருந்தீங்க.”