மகளின் பெயரில் போட்ட சீட்டு

மாதத்தின் முதல் ஞாயிறு பின்னேரம் ரூ காய் தெருவில் ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடியில் எங்களுக்குச் சீட்டு. இருபது பேர் மாதாமாதம் ஒரே தொகை போடுவோம். அந்த மாதம் ஆர் கூடக் கழிவு விட்டுக் குறைந்த தொகைக்குச் சம்மதிக்கிறாரோ, அவர் கழிவு போக மிச்சம் முழுவதையும் அள்ளிக்கொண்டு போவார். வெங்காயமூட்டைகளுக்கு நடுவே நெருக்கியடித்து உட்கார்ந்து, பிளேன்ரீயும் வடையுமாக ஒரே சிரிப்பு. முக்கால்வாசிப் பேரும் என்னைப்போல ரெஸ்ரோறன்ற் குசினிக்காரர். எங்களை பாங்க் வாசலோடு திருப்பி அனுப்பிவிடும். ஆனால் அங்கே ஒரு கையெழுத்தும் இல்லாமல் கட்டுக்கட்டாகக் காசு கைமாறியது. அந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது. அப்படி ஒரு காலம் இனி வராது.

தகப்பன்மார் அநேகமாகப் பிள்ளைகளின் பெயரில்தான் சீட்டுப் போடுவோம். பிள்ளையின் ராசியில் காசு பெருகும் என்று ஒரு எண்ணம். சீட்டை நடத்திய சீட்டுக்கார அண்ணையின் கணக்குக் கொப்பியில் நானும் பெருமையாக என் மகளின் பெயரைத்தான் எழுதுவித்தேன்.

சீட்டை ஆரம்பத்திலேயே எடுத்து புறநகரான எபினேயில் வீடு வாங்க முற்பணம் கட்டினேன். அடுத்த மாதமே நான் வேலை செய்த ரெஸ்ரோறன்றை மூடிவிட்டார்கள். மிச்ச மாதங்களுக்குக் கட்ட வழியில்லை. சீட்டுக்கார அண்ணை கொப்பியோடு வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்தவள் மகள். அப்போது பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே சனி, ஞாயிறுகளில் ஒரு கடையில் வேலை செய்துகொண்டிருந்தாள்.

கொப்பியைப் பார்த்துவிட்டு, "என்ர பேர்தானே கிடக்கு, நான் பாக்கிறன்" என்றாள். அடுத்த கிழமை தன் பெயரில் பாங்கில் கடன் எடுத்துக் கட்டிவிட்டாள். வேண்டாமென்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு இருந்தேன். வெட்கம் கெட்டவன்.

படிப்பு முடிந்ததும், அரசாங்கத்தின் இரகசியக் காகிதங்கள் புழங்கும் ஒரு அலுவலகத்தில் வேலைக்குத் தெரிவானாள். ஆனால் அவளைப் பற்றி விசாரித்து அனுமதி கொடுத்தால்தான் வேலை. விசாரித்தபோது கடன் வெளியே வந்தது. இன்னும் இரண்டு வருடம் கட்ட இருந்தது, நடுவில் நாலு மாதத் தவணை தவறியும் இருந்தது. நேரில் வரச் சொன்னார்கள்.

விசாரணைக்குப் போய்விட்டு அன்று பின்னேரம் வந்து சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தாள். வீட்டில் எதற்கும் பிரெஞ்சில்தான் பதில் சொல்லுவாள். அன்று தமிழில் சொன்னாள்.

"கடன் எவ்வளவு எண்டது அவைக்குப் பெரிசில்லை அப்பா. கடன்பட்ட ஆளை ஆரும் காசைக் காட்டி வளைச்சுப்போடலாம் எண்டுதான் யோசிக்கினம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ர பிள்ளையைக் காசைக் காட்டி வளைக்கிறதுக்கு ஆர் பிறந்திருக்கிறான்?" என்று கத்தினேன்.

"எல்லாத்தையும் உள்ளபடி சொன்னனான். சீட்டு, கொப்பி, என்ர பேர், எல்லாம். பிறகு விசாரிச்ச அதிகாரி ஒண்டு கேட்டவர். உன்ர தகப்பன் நாளைக்கும் வந்து கேட்டால் திரும்பக் கடன் எடுப்பியோ எண்டு."

"நீ என்ன சொன்னனீ?"

குனிந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினாள்.

"மாட்டன் எண்டு சொன்னனான்."

"ஓம், அப்பிடித்தான் சொல்லவேணும்" என்றேன்.

சில மாதம் கழித்து அனுமதி கிடைத்தது. அவள் துள்ளினாள், மனைவி அழுதாள், நான் இனிப்பு வாங்க லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவுக்கு ஓடினேன். சந்தோசம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் மெத்ரோவில் வரும்போது இனிப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த 'மாட்டன்' அன்று கொப்பியைப் பார்த்தபோதே அவளுக்குள் இருந்திருக்கும். அதை என் முகத்துக்கு நேரே சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் கேட்டபோதுதான் சொல்லியிருக்கிறாள்.